விடுதியும் உடனிருப்பும்

மானாம்பதி என்னும் ஊர் அமைந்துள்ள உத்திரமேரூர் வட்டாரத்தைக் குடவோலைக் கல்வெட்டுகளால் அறிந்தோர் பலர். ஆனால் அதன் அருகே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகின்ற திருமுக்கூடலில், வீரராசேந்திர சோழன் (1063–1070) காலத்தில் பொறிக்கப்பட்ட நெடுங்கல்வெட்டு கல்வி வரலாற்றுக்கு அதற்கு இணையான சான்றாக இருந்தும் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. வேங்கடேசப் பெருமாள் கோயிலில் நடந்த வேதக் கல்லூரியில் தங்கிப் படித்த மாணவருக்கு உணவும், படுக்கப் பாயும், இரவு விளக்கெரிக்க எண்ணெயும், ஆண்டில் 51 சனிக்கிழமைகளுக்குத் தலைமுழுக்கு எண்ணெயும் ஒதுக்கிய அக்கல்வெட்டு, அவர்களும் கோயில் பணியாளரும் நோயுற்றால் படுத்திருக்க 15 படுக்கைகள் கொண்ட 'வீரசோழன்' என்னும் ஆதுலசாலையை, அதாவது மருத்துவமனையை, ஒரு மருத்துவர், அறுவை செய்பவர், மருந்து கொணர்வோர், பணிப்பெண்டிர் ஆகியோருடன் அமைத்ததையும் விரிவாகப் பதிவு செய்கிறது. பாடம் சொல்வதோடு மாணவரின் உடலையும் உறக்கத்தையும் கவனிப்பது கல்வி நிலையத்தின் கடமை என்ற எண்ணம், ஆகவே, இந்த மண்ணுக்கு ஐரோப்பியர் கொண்டுவந்ததன்று. அந்தக் கவனிப்பு யாருக்குக் கிடைத்தது என்பதே வரலாறு எழுப்ப வேண்டிய கேள்வி.

வேதம் பயின்ற சிலருக்கே அது கிடைத்தது. பிற்காலத்துத் திண்ணைப் பள்ளிகளில் கணக்கும் எழுத்தும் கற்ற பிள்ளைகளுக்குக் கோதண்டம், அதாவது கயிற்றில் தொங்கவிடும் தண்டனை, காத்திருந்தது. சேரிப் பிள்ளைகளுக்கோ பெரும்பாலும் அந்தத் திண்ணையும் இல்லை. உத்திரமேரூர் அன்று அடங்கியிருந்த செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியர் ட்ரெமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கை, பறையர் மக்களின் நிலமின்மையையும் அடிமைநிலையையும் அரசின் முன் வைத்து, மறு ஆண்டே பஞ்சமி நில ஆணைக்கு வழிவகுத்தது. 1876–78 பெரும்பஞ்சத்தை ஒட்டித் திரளாகக் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தோரில் பெரும்பாலோர் இம்மக்களே. எனவே வடதமிழ்நாட்டுப் பங்குத்தளங்களில், அதாவது ஒரு குருவின் பொறுப்பில் இருக்கும் கிறித்தவக் குடியிருப்புகளில், பள்ளியை அடுத்து விடுதியும் எழ வேண்டியதாயிற்று, ஏனெனில் வீட்டில் ஒருவேளைச் சோறும் உறுதியில்லாத பிள்ளைக்குப் பள்ளி மட்டும் போதுமானதாக இருக்கவில்லை. பெண்பிள்ளைகளைப் பொறுத்தவரை இதற்கான அடித்தளம் முன்பே புதுச்சேரியில் இடப்பட்டிருந்தது. தூப்புயி அடிகளார் 1844இல் தமிழ்ப் பெண்களையே துறவியராகக் கொண்டு தொடங்கிய மரியாவின் மாசற்ற இதயச் சபையின் முதன்மையான பணி பெண்கல்வி.

உண்டு உறங்க இடமளித்தது ஒரு பகுதி. பிள்ளையின் மனத்தை எவ்வாறு வளர்ப்பது என்பதற்கு ஒரு முறை வந்து சேர்ந்தது இத்தாலியின் தூரின் நகரிலிருந்து. அங்கே சிறைப்பட்டிருந்த சிறுவரைச் சந்தித்த ஜான் போஸ்கோ என்னும் குரு (1815–1888), குற்றம் நிகழ்ந்தபின் தண்டிக்கும் முறைக்கு மாறாக, குற்றம் நேராதபடி பிள்ளைகளோடு எப்போதும் இருப்பதே கல்வி என்று கருதி, அறிவு, சமயம், அன்பு என்ற மூன்றின்மேல் எழுப்பிய தடுப்பு முறையை 1877இல் சிறு நூலாக எழுதினார். ஆசிரியர் மேசைக்குப் பின்னால் அமராமல் விளையாட்டுத் திடலிலும் உணவறையிலும் மாணவருடன் கலந்திருக்க வேண்டும் என்ற விதியே உடனிருப்பு எனப்படுகிறது. இது ஒற்றாடல் அன்று. பிள்ளை தன் துயரைச் சொல்ல அஞ்சாத அளவுக்கு அருகில் இருத்தல். தச்சுத் தொழில் பயிலச் சென்ற சிறுவனுக்காக 1852இல் அவர் முதலாளியோடு எழுதிய ஒப்பந்தம், பையனைச் சொல்லால் மட்டுமே திருத்த வேண்டும், அடிக்கக்கூடாது என்று நிபந்தனை விதித்தது. நாள் முடிவில் அனைவரையும் கூட்டி, அன்று நடந்த ஒன்றைப் பற்றிச் சில நிமிடம் தந்தையைப்போலப் பேசி உறங்க அனுப்பும் இரவு உரை என்னும் வழக்கமும் அவர் இல்லத்தில் உருவானதே.

அவர் நிறுவிய சலேசிய சபையினர் 1906இல் தஞ்சாவூருக்கு வந்தனர்; 1928இல் சென்னை உயர்மறைமாவட்டமே, அதாவது பேராயரின் ஆட்சிப்பகுதியே, அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டபோது, அதன் கிராமங்களுக்கும் இம்முறை பரவ வழி பிறந்தது. 1935 முதல் பேராயராக இருந்த லூயிஸ் மத்தியாசும் அச்சபையைச் சேர்ந்தவரே. இன்று மானாம்பதிப் பகுதி அடங்கும் செங்கல்பட்டு மறைமாவட்டம் சென்னை–மயிலை உயர்மறைமாவட்டத்திலிருந்து 2002இல் பிரிந்தது.

இவ்வரலாற்றைக் குறையற்றதாகக் காட்டுவது நேர்மையாகாது. வடக்கன்குளத்தில் சாதிகளைப் பிரித்துக் கத்தோலிக்கத் தேவாலயத்துக்குள் நின்ற சுவர்கள் 1910இல்தான் இடிக்கப்பட்டன. வழிபாட்டிலேயே பிரிவினையைப் பொறுத்துக்கொண்ட திருச்சபை, பிள்ளைகளின் மாண்பைப் பற்றிப் பேசியபோது அச்சொல் முழு வலிமை பெறவில்லை. சமயப் பாடத்திலும் எல்லை தேவைப்பட்டது: அரசு உதவி பெறும் நிறுவனத்தில் இசைவின்றி எவரையும் சமயப் போதனையில் பங்கேற்கச் செய்யலாகாது என்று அரசியலமைப்பின் 28ஆம் உறுப்பு கூறுவதால், கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்குச் செல்லும் நேரத்தில் ஏனையோர் நன்னெறி வகுப்பில் அமரும் ஏற்பாடு நிலைத்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட கல்வி அறிக்கையோ, சுதந்திரமும் அன்பும் நிறைந்த சூழலைப் படைப்பதே கத்தோலிக்கப் பள்ளிக்கு உரிய பண்பு என்றது.

உடலை வருத்தும் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்துவிட்டது. உடனிருப்பை எந்தச் சட்டமும் கட்டளையிட இயலாது, அதற்கு ஆசிரியரின் நேரம் வேண்டும். பிள்ளைகள் மாலையிலேயே வீடு திரும்பிவிடும் சலேசியப் பள்ளிகளில் இரவு உரைக்கு இடமில்லாததால், அது காலை வணக்கக் கூட்டத்தின் சில நிமிடப் பேச்சாக மாறித் தொடர்கிறது.