ஜன்னல் கேட்டு எழுதியவள்

அமெரிக்காவில் ஷெனண்டோவா தேசியப் பூங்காவுக்காக வர்ஜீனியா மாநிலம் 1928இல் தனிச் சட்டமே இயற்றி நிலம் எடுத்தது. சுமார் 500 குடும்பங்கள் மலையைவிட்டு இறங்கின. 1933இல் வந்த 'ஹாலோ ஃபோக்' என்ற ஆய்வுநூல் அம்மக்களை எழுத்தறியாதவர்களாகவே சித்திரித்தது. ஆனால், அடுத்த சில ஆண்டுகளில் அவர்களே அதிகாரிகளுக்கு எழுதிய கடிதங்கள் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பெண்கள் எழுதியவையும் உண்டு. காலியான வீட்டின் ஜன்னலை எடுத்துக்கொள்ளலாமா? ஆப்பிள் பறிக்கலாமா? அறுவடைவரை இருக்கலாமா? (வாழ்ந்த மண்ணில் காய்த்த பழத்துக்கு விண்ணப்பம்!) இதை நாவலாக்குபவர்கள் துப்பாக்கியோடு வாசலில் நிற்கும் கிழவரை விட்டுவிடலாம். அடுக்களை மேசையில் 'ஐயா' என்று எழுதத் தொடங்கியவள் இருக்கிறாள். பதிலுக்குக் காத்திருந்தாளா, இரவோடிரவாகப் பறித்துவிட்டாளா என்பதைக் கடிதம் சொல்லாது.