33 வயசு... ஒருத்தருக்கு 2 வருஷ ஒப்பந்தம், இன்னொருத்தருக்கு டாட்டா! சீனியர் வீரர்களை கால்பந்து கிளப்கள் தக்கவைக்கலாமா?

2025 ஏப்ரல் மாதம் ஐரோப்பிய கால்பந்து ரசிகர்களுக்கு மறக்க முடியாத மாதம். மான்செஸ்டர் சிட்டியின் கெவின் டி ப்ரைனே, சீசன் முடிந்ததும் கிளப்பை விட்டுக் கிளம்புவதாக அறிவித்தார். அடுத்த நாளே, பேயர்ன் மியூனிக்கில் 25 ஆண்டுகள் இருந்த தாமஸ் முல்லரும் விடைபெறுவது உறுதியானது. அதே மாதத்தில் லிவர்பூல் கிளப், முகமது சலாவுக்கும் கேப்டன் வர்ஜில் வான் டைக்குக்கும் 2027 வரை ஒப்பந்தத்தை நீட்டித்தது.

இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது. டி ப்ரைனேவுக்கும் வான் டைக்குக்கும் வயது வித்தியாசம் வெறும் 10 நாள். ரெண்டு பேருக்குமே அப்போது 33. அப்படியிருக்க ஒருவருக்கு 2 வருஷ ஒப்பந்தம், இன்னொருவருக்கு வழியனுப்பு விழா. ஏன் இப்படி? வயதான வீரர்களுக்கு ஒப்பந்தத்தை நீட்டிப்பது சரியா, தப்பா? பார்க்கலாம்.

ஒப்பந்தம் முடிந்தால் என்ன ஆகும்?

1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் 'போஸ்மன்' வழக்கில் ஒரு தீர்ப்பு கொடுத்தது. அதன்படி, ஒப்பந்தம் முடிந்த வீரர் வேறு கிளப்புக்குப் போனால் பழைய கிளப்புக்கு ஒரு பைசா கூட தர வேண்டியதில்லை. ஒப்பந்தத்தின் கடைசி 6 மாதங்களிலேயே, வெளிநாட்டு கிளப்களுடன் அவர் பேசி கையெழுத்துப் போட்டுவிடலாம்.

அதனால் கிளப்கள் கடைசி நிமிஷம் வரை காத்திருக்க முடியாது. ஒரு வீரர் அடுத்த வருஷம் எப்படி ஆடுவார் என்பதை இந்த வருஷமே கணித்தாக வேண்டும். 24 வயது வீரர் என்றால் அந்தக் கணிப்பு சுலபம். 34 வயது என்றால் அது கிட்டத்தட்ட பந்தயம் கட்டுவது மாதிரிதான்.

வயது எல்லோரையும் ஒரே மாதிரி பாதிக்குமா?

இல்லை. எந்த இடத்தில் ஆடுகிறார் என்பது முக்கியம். ஓட்டத்தையும் வேகத்தையும் நம்பி ஆடும் விங்கர்களுக்கு, வேகம் கொஞ்சம் குறைந்தாலும் ஆட்டமே மாறிவிடும். கோல்கீப்பர்களுக்கும் மத்திய தடுப்பாட்டக்காரர்களுக்கும் அப்படியில்லை. எங்கே நிற்க வேண்டும், எப்போது நகர வேண்டும் என்ற அனுபவமே அவர்களுக்குப் பாதி பலம்.

இத்தாலி கோல்கீப்பர் பஃபோன் 45 வயதில்தான் ஓய்வு பெற்றார். போர்ச்சுகலின் பெபே 41 வயதில் 2024 யூரோ கோப்பையில் ஆடினார். பிரேசிலின் தியாகோ சில்வாவை 2020-ல் செல்சி சேர்த்தபோது அவருக்கு 35 வயது. 'ஒரு வருஷம் ஆடினா பெரிய விஷயம்' என்று நினைத்தவர்கள் உண்டு. அவர் 4 சீசன் ஆடினார், முதல் சீசனிலேயே சாம்பியன்ஸ் லீக் கோப்பையும் வென்றார்.

அடுத்தது, உடல் ஒத்துழைக்கிறதா என்பது. 2024-25 சீசனில் வான் டைக் ஏறக்குறைய எல்லா லீக் போட்டிகளிலும் ஆடினார். டி ப்ரைனேவோ, கடைசி 2 சீசன்களிலும் காயங்களால் பல போட்டிகளைத் தவறவிட்டவர். பிறந்த தேதி கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் உடம்பு சொல்லும் வயது வேறு.

பணக் கணக்கு என்ன சொல்கிறது?

ஒரு கிளப் 5 கோடி பவுண்டுக்கு ஒரு வீரரை 5 வருஷ ஒப்பந்தத்தில் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் புத்தகத்தில் அந்தத் தொகை வருஷத்துக்கு ஒரு கோடி என்று பிரித்து எழுதப்படும். 5 வருஷம் முடிந்தால் வாங்கிய செலவு தீர்ந்தது. அதற்குப் பிறகு அவருக்குச் சம்பளம் மட்டும்தான் செலவு. அவரை அனுப்பிவிட்டு புது வீரரை வாங்கினால் விலை, சம்பளம், ஏஜென்ட் கமிஷன் என எல்லாம் புதிதாகத் தொடங்கும். இந்தக் கணக்குப்படி பழைய ஆளை வைத்துக்கொள்வதே லாபம்.

ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. சீனியர்களுக்குச் சம்பளம் அதிகம், ஆனால் மறுவிற்பனை மதிப்பு குறைவு. வீரர்களின் சம்பளம் உள்ளிட்ட அணிச் செலவு வருமானத்தில் 70 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று யூஃபா அமைப்பு தன் போட்டிகளில் ஆடும் கிளப்களுக்கு விதி வைத்திருக்கிறது. ஆட்டம் சரிந்த ஒரு சீனியருக்கு 3 வருஷ ஒப்பந்தம் இருந்தால், அந்தச் சம்பளம் வேறு ஒருவருக்கான இடத்தை அடைத்துக்கொண்டே இருக்கும். அதே சம்பளத்தைக் கொடுத்து அவரை வாங்க வேறு கிளப்பும் வராது.

ஆர்சனல் கற்ற பாடம்

ஆர்சென் வெங்கர் ஆர்சனல் மேனேஜராக இருந்த காலத்தில் ஒரு வழக்கம் உண்டு. 30 வயதைத் தாண்டிய வீரர்களுக்கு பெரும்பாலும் ஒரு வருஷ நீட்டிப்புதான். இதனால்தான் 2006-ல் 32 வயது ராபர்ட் பிரெஸ், 2 வருஷம் தர முன்வந்த ஸ்பெயினின் வில்லாரியல் கிளப்புக்குப் போனார். ரசிகர்களுக்கு அது பெரிய வருத்தம்.

வெங்கர் போன பிறகு, 2020 செப்டம்பரில் அதே ஆர்சனல் 31 வயது ஆபமெயாங்குக்கு 3 வருஷ ஒப்பந்தம் கொடுத்தது. எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டியில் 2 கோல், அந்த சீசன் லீக்கில் 22 கோல். 'இவரை எப்படி விடுறது?' என்பதுதான் அப்போது ரசிகர்களின் குரல். அடுத்த சீசனில் லீக் கோல்கள் 10 ஆகக் குறைந்தன. 2021 டிசம்பரில் ஒழுங்கு மீறல் காரணமாக கேப்டன் பதவியும் பறிபோனது. 2022 பிப்ரவரியில் ஒப்பந்தம் ரத்தாகி, ஒரு பவுண்டு கூட வாங்காமல் அவரை பார்சிலோனாவுக்கு அனுப்பியது ஆர்சனல்.

இதில் வயது மட்டுமே காரணம் இல்லை. பார்சிலோனா போனதும் அவர் மறுபடி கோல் அடிக்கத்தான் செய்தார். ஆனால் உறவு கசந்தபோது, நீண்ட ஒப்பந்தம்தான் கிளப்பின் கையைக் கட்டிப் போட்டது.

மோட்ரிச் வழி

ரியல் மாட்ரிட் வேறு வழியில் போனது. லூகா மோட்ரிச்சுக்கு 35 வயதானதில் இருந்து ஒவ்வொரு வருஷமும் ஒரு வருஷ நீட்டிப்பு மட்டும்தான். 2021, 2022, 2023, 2024 என 4 முறை இப்படியே கையெழுத்தானது. அந்த 4 வருஷத்தில் 2022, 2024 என 2 சாம்பியன்ஸ் லீக் கோப்பைகள் வந்தன. வால்வெர்டே, கமவிங்கா போன்ற இளம் வீரர்கள் வளர வளர, பெஞ்சில் இருந்து இறங்கும் ரோலையும் மோட்ரிச் ஏற்றுக்கொண்டார். 2025-ல் 39 வயதில், மைதானமே எழுந்து நின்று கைதட்ட விடைபெற்று, இத்தாலியின் ஏசி மிலனுக்குப் போனார்.

ஆனால் இதே முறை எல்லோருக்கும் இனிக்கவில்லை. 2021-ல் செர்ஜியோ ராமோஸுக்கும் ரியல் மாட்ரிட் ஒரு வருஷம்தான் தர முன்வந்தது. அவர் கேட்டது 2 வருஷம். கடைசியில் 'சரி, ஒரு வருஷமே போதும்' என்று அவர் இறங்கி வந்தபோது, அந்த ஆஃபரின் காலக்கெடு முடிந்துவிட்டது என்று பதில் வந்ததாக அவரே சொன்னார். 16 வருஷ பந்தம் இப்படி முடிந்தது.

வீரர்கள் ஏன் 2 வருஷம் கேட்கிறார்கள்?

ராமோஸ் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. மற்ற வேலைகளில் 35 வயது என்பது நடு வயது. கால்பந்தில் அதுதான் கடைசிப் பெரிய சம்பளம். ஒரு வருஷ ஒப்பந்தத்தில் இருக்கும்போது பெரிய காயம் வந்தால், ஆட்ட வாழ்க்கையே முடிந்துபோகலாம். குடும்பம், பிள்ளைகளின் பள்ளி எல்லாவற்றையும் வருஷா வருஷம் நிச்சயமில்லாமல் வைத்திருப்பதும் சுலபமில்லை.

இதற்கு ஒரு நடுவழி, ஒப்பந்தத்திலேயே 'கூடுதல் ஒரு வருஷம்' என்ற விருப்பத் தேர்வை எழுதி வைப்பது. 2025 ஜனவரியில் டோட்டன்ஹாம் கிளப் சன் ஹியூங்-மின்னுக்கு இதைத்தான் பயன்படுத்தியது. 4 மாதத்தில் அவர் கேப்டனாக யூரோப்பா லீக் கோப்பையைத் தூக்கினார். 17 வருஷத்தில் அந்த கிளப்புக்கு அதுதான் முதல் கோப்பை. ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் எல்.ஏ.எஃப்.சி. கிளப் அவரை விலை கொடுத்து வாங்கியது. அந்த ஒரு வருஷ நீட்டிப்பு இல்லையென்றால், டோட்டன்ஹாமுக்குக் காசு எதுவும் கிடைத்திருக்காது. அந்த ஒரு நிபந்தனைதான் பணத்தைக் கொடுத்தது.

அப்போ, நீட்டிக்கலாமா?

நீட்டிக்கலாம். ஆனால் போன சீசன் கோல்களுக்குப் பரிசாக இல்லை. சலாவின் கதையையே பாருங்கள். 2024-25 லீக்கில் 29 கோல், 18 அசிஸ்ட், கூடவே சாம்பியன் பட்டம். அந்த நேரத்தில் அவருக்கு ஒப்பந்தம் தராதே என்று எந்த ரசிகரும் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் அடுத்த சீசனில் கோல்கள் குறைந்து, 2025 டிசம்பரில் பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டபோது, அவர் தன் அதிருப்தியை வெளிப்படையாகவே பேசினார். ஒரு சீசனுக்குள் எவ்வளவு மாறும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

அதனால் கிளப்கள் கேட்டுக்கொள்ள வேண்டியது 4 கேள்விகள்தான்:

1. கடைசி 2 சீசன்களில் எத்தனை போட்டிகளில் ஆடும் நிலையில் இருந்தார்?

2. அவருடைய ஆட்டம் வேகத்தை நம்பியதா, அனுபவத்தை நம்பியதா?

3. பெஞ்சில் உட்கார வேண்டி வந்தால் ஏற்றுக்கொள்வாரா? இதைக் கையெழுத்துக்கு முன்பே பேசியாச்சா?

4. அவருடைய இடத்துக்கு வரப்போகும் இளம் வீரர் யார்? அவருக்கு ஆட நேரம் கிடைக்குமா?

இந்த 4-க்கும் நல்ல பதில் இருந்தால் ஒரு வருஷம் கொடுக்கலாம். அடுத்த வருஷம் மறுபடி இதே கேள்விகளைக் கேட்கலாம். இல்லையென்றால், முல்லருக்கு நடந்தது போல முன்கூட்டியே சொல்லிவிட்டு, ரசிகர்கள் முன்னால் முறையாக வழியனுப்புவதே மரியாதை.

அடுத்த முறை உங்களுக்குப் பிடித்த சீனியர் வீரரின் ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டதாகச் செய்தி வந்தால், சம்பளம் எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன்னால் எத்தனை வருஷம் என்று பாருங்கள். கிளப் அவருடைய அடுத்த சீசனை நம்புகிறதா, போன சீசனுக்கு நன்றி சொல்கிறதா என்பது அந்த ஒரு எண்ணிலேயே தெரிந்துவிடும்.