ஹிர்கலின் தீனார்

திருக்குர்ஆனின் முப்பதாம் அத்தியாயம் 'அர்ரூம்' தோல்வியுற்றுப் பின் வெல்வர் என முன்னறிவித்த ரோமர்களின் பேரரசர் ஹிரக்லியஸ். நம் நூல்களில் ஹிர்கல். கி.பி. 610 முதல் 641 வரை குஸ்தன்தீனிய்யாவிலிருந்து ஆண்ட அவருக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் திஹ்யா அல்கல்பீ (ரலி) மூலம் அனுப்பிய கடிதத்தை அறியாதார் நம்மில் இல்லை. அவருடைய நாணயங்களை அறிந்தோரோ மிகச் சிலர்.

614-இல் ஜெரூஸலம் பாரசீகர் வசமாயிற்று. மறு ஆண்டே 'ஹெக்ஸகிராம்' என்ற வெள்ளி நாணயம் வெளிவந்தது. 'இறைவா, ரோமர்களுக்கு உதவுவாயாக' என்பது அதன் வாசகம். அரசு தரவேண்டிய தொகைகள் அந்நாணயத்தில், பழைய அளவில் பாதியாகவே வழங்கப்பட்டன. ஹிஜ்ரத் நிகழ்ந்த அதே 622-இல், போர்ச் செலவுக்காகத் தலைநகரின் பெரிய தேவாலயத்துப் பாத்திரங்களும் விளக்குத் தண்டுகளும் உருக்கப்பட்டன. தொடக்கத்தில் சுமார் 11 கிராம் இருந்த செப்புக் காசு, ஆட்சியின் பிற்பகுதியில் பாதியாய் இளைத்தது. இந்நெருக்கடியிலும் தங்க நாணயத்தின் எடையில் அவர் கைவைக்கவில்லை. ரோம இராத்தலுக்கு 72 நாணயம் என்ற கான்ஸ்டன்டைன் காலத்து விதி நிலைத்தது. ஒன்றின் எடை ஏறத்தாழ 4.5 கிராம்.

627-இல் நீனவாப் போரில் வென்றபின் வெளியான காசுகளில் பேரரசர் நீண்ட தாடியும் பெருமீசையுமாய்க் காட்சி தருகிறார். இருபுறமும் அவருடைய மைந்தர்கள் நிற்கின்றனர். 636-இல் யர்மூக் போருக்குப்பின் ஷாம் தேசம் கைமாறியது, நாணயம் மாறவில்லை. அறுபது ஆண்டுகளுக்குமேல் கைஸரின் உருவமே முஸ்லிம்களின் கைகளில் புழங்கியது. வெற்றி பெற்ற கையோடு எல்லாவற்றையும் மாற்றினர் என மேடைகளில் முழங்குவோர் இதனைக் கவனிப்பதில்லை. உமையாக் கலீஃபா அப்துல் மலிக்கின் காலத்து முதல் தீனார்களிலும் அம்மூவர் நிற்கின்றனர்; பின்புறச் சிலுவையின் குறுக்குக் கட்டை மட்டும் நீக்கப்பட்டு, படிகளின்மேல் வெறுந்தூண் எஞ்சியது. உருவமின்றி எழுத்து மட்டுமே தாங்கிய தீனார் ஹிஜ்ரி 77-இல்தான் வந்தது. அதன் எடை 4.25 கிராம்.

ஃபிக்ஹ் பயில்வோர் இவ்விடத்தில் சற்று நின்று சிந்திக்கவேண்டும். ஜகாத்தின் நிஸாப் 20 தீனார். நபியவர்கள் காலத்தில் ஹிஜாஸில் புழங்கியவை ரோமத் தீனார்களே. அவற்றின் எடையைக் கொண்டால் நிஸாப் 90 கிராம். அப்துல் மலிக்கின் தீனாரைக் கொண்டால் 85. யூஸுஃப் அல்கர்ளாவி முதலியோர் பின்னதையே கொண்டனர். நம்மூரில் பலர் சொல்லும் 11 பவுன், 88 கிராம், இரண்டிற்கும் இடையில் நிற்கிறது. மக்கத்து வணிகர் ரோமக் காசுகளை எண்ணி வாங்கவில்லை, மிஸ்காலால் நிறுத்தே வாங்கினர் என்று பலாதுரீ தம் 'ஃபுதூஹுல் புல்தான்' நூலில் பதிவு செய்துள்ளார். தேய்ந்த காசும் புதுக்காசும் கலந்து வந்த சந்தையில் வேறு வழியுமில்லை. மிஸ்கால் அரபியரின் சொந்த எடைக்கல். ஜாஹிலிய்யாவிலும் இஸ்லாத்திலும் அது மாறவில்லை என்பதும் வரலாற்றாசிரியர் கூற்று. எனவே 85 கிராம் என்பாரின் பக்கமே வலுவுடையதாக எனக்குத் தோன்றுகிறது. ஹிர்கலின் தங்கம் தராசில் ஏறிய பொருள். எதிர்த்தட்டில் இருந்த கல் மக்காவினுடையது.