வடசென்னையில் செருப்புத் தொழிற் பயிற்சி

புறநானூற்றின் 82-ஆம் பாட்டு, போரவைக் கோப்பெருநற்கிள்ளியின் போர் விரைவைச் சாத்தந்தையார் பாடியதாகும். அவ்விரைவுக்கு அவர் தேடியெடுத்த உவமை யாதெனின், ஊரில் விழா நெருங்கவும், மனையாள் பேறுகால நோவுறவும், ஞாயிறு சாயும் வேளையில் மழை பொழியவும், கட்டிலை வாரினாற் பிணித்துக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவனது கையூசியின் ஓட்டமேயாம். அரசன் வீரத்திற்கே அளவுகோலாகிய அக்கைக்கு உரியவனை அப்பாட்டு இழிந்தோன் எனும் பொருள்படும் சொல்லாற் சுட்டுகின்றது. கையைப் புகழ்ந்து ஆளைத் தாழ்த்தும் இவ்வழக்கு நம் நாட்டில் எத்துணைப் பழைமையுடைத்து என்பதை நேயர்கள் நோக்குவார்களாக.

அவன் அத்தொழிலை யாரிடம் கற்றான்? தந்தையிடம் என்றே கொள்ளல் வேண்டும். இராயபுரம், வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர்ப் பக்கங்களில் வாழும் நம்மவர் இல்லங்களிலும் முறை அதுவே. சிறுவனுக்கு முதலிற் கொடுப்பது உளியன்று, நூல். நூலை முறுக்கி மெழுகேற்றி, நுனியிற் பன்றி மயிரைப் பிணைத்தால், குத்தூசி இட்ட துளையில் அது வளைந்து நுழையும். அது கைவந்த பின்னர் அடித்தோலை நீரில் நனைத்துக் கல்லின்மேல் வைத்துச் சுத்தியால் அடித்து இறுக்கப் பழகுவான். அச்சுக்கட்டையின்மேல் மேற்றோலை இழுத்துப் பொருத்துதல் நெடுநாட் சென்றே வரும். யாவற்றினும் அரிது தோலை வெட்டுதல். முதுகின் நெடுக்கே தோல் எளிதில் நீளாது. வயிற்றுப் பக்கமோ தளர்ந்து இழுபடும். ஆதலின், பாதத்தின் முன்புறத்தை மூடும் துண்டை முதுகை ஒட்டிய பகுதியிலிருந்து, விரல் நுனி முதல் குதிகால் வரையுள்ள நெடுக்கில் நீளாதவாறு எடுத்தல் வேண்டும். தவறினால் ஒரு திங்களில் செருப்பு வாய் பிளக்கும். இஃது ஏட்டில் எழுதப்படாத கல்வி. விரலால் தடவி அறிவது.

அரசாங்கத்தின் ஏட்டிற் பயிற்சி என்பது புகுந்தது 1850-ஆம் ஆண்டின் 19-ஆவது சட்டத்தால். அநாதைகளும் தருமத்தில் வளரும் ஏழைச் சிறுவரும் தொழில் கற்குமாறு, 10 வயதுக்கு மேல் 18 வயதுக்குட்பட்டோரை ஏழாண்டுக்கு மிகாமல் ஒரு தொழிலாசானிடம் ஒப்பந்தத்தாற் பிணைக்க அச்சட்டம் இடந்தந்தது. தந்தையிடம் கற்ற நம் சிறுவர்க்கோ ஒப்பந்தமும் இல்லை. கற்றான் எனக் காட்டும் சீட்டும் இல்லை.

தொழில் நிலை மாறத் தொடங்கியது 1903-இல். பொறியியற் பேராசிரியரான ஆல்பிரெட் சாட்டர்டன் துரை, சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் குரோமியம் உப்பினால் தோல் பதனிடும் முறையைச் சோதித்தார். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இட்டுப் பல வாரங்கள் ஊறவைக்கும் நம் முறைக்கு மாறாக, இது சில நாட்களில் முடிவது. நீரிற் கிடந்தாலும் எளிதில் அழுகாத தோலைத் தருவது. கிணற்றில் நீரிறைக்கும் கவலைச் சால்களுக்கு இத்தோல் மிகப் பொருந்தியதில் வியப்பில்லை. மிதியடிகளும் இதனாற் செய்யப்பட்டன. ஆயின் தனி முதலாளிகள் இதனை எதிர்த்தனர். 1910-இல் இந்தியா மந்திரி மார்லி பிரபு, அரசாங்கம் தொழிலைக் கற்பிக்கலாமேயன்றித் தானே வாணிகமாக நடத்தலாகாது என ஆணையிட்டார். அரசாங்கத் தோற்சாலை ரீவா சமஸ்தானத்திற்கு விற்கப்பட்டது. நடத்தலாகாது எனின் கற்பிக்கவாவது வேண்டுமன்றோ? 1915-இல் வண்ணாரப்பேட்டையில் தோல் தொழிற் பள்ளி தோன்றிற்று. அப்பொழுது முதற் பெரும்போர் நடந்துகொண்டிருந்தது. சென்னை மாகாணத்தின் பதனிட்ட மாட்டுத்தோலைப் பிரிட்டிஷ் படைவீரரின் பூட்சுகளுக்கென அரசாங்கமே வாங்கிக் கப்பலேற்றிற்று. நம்மவர் பதனிட்ட தோலை அயல்நாட்டுத் தொழிற்சாலைகள் பூட்சாக்கின.

அங்கு அக்காலத்தே கையின் இடத்தை இயந்திரம் பெரிதும் பற்றியிருந்தது. அவ்வியந்திரங்களுள் மிக அருமையானதைச் செய்தவர் யார் தெரியுமா? தென்னமெரிக்கச் சூரினாமிலிருந்து அமெரிக்காவின் லின் நகருக்கு வந்து, செருப்புத் தொழிற்சாலையிற் கூலிக்கு உழைத்த யான் மாட்செலிகர் என்னும் கறுப்பினத்தவர். அச்சுக்கட்டையில் மேற்றோலைப் பொருத்தும் வேலையை எந்த இயந்திரமும் செய்யாது என்று செருக்கியிருந்த நகரில், வல்ல கைகளின் அசைவை உற்றுநோக்கி அவர் அதனைச் செய்வித்தார். 1883-இல் உரிமை பெற்றார். கைத்தொழிலாளி நாளொன்றுக்கு ஏறக்குறைய 50 இணை பொருத்திய இடத்தில் அப்பொறி அதனினும் பன்மடங்கு பொருத்திற்று. 1889-இல், தம் 37-ஆம் வயதிற்குள், என்புருக்கி நோயால் மாண்டார்.

நாடு விடுதலை பெற்ற பின் 1948-இல் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் அடையாற்றில் நிறுவப்பெற்றது. காலணி செய்தலுக்கென்றே மத்திய அரசின் பயிற்சி நிலையம் 1957-இல் சென்னையில் ஏற்பட்டு, கிண்டியில் நடந்து வருகின்றது. 1850-ஆம் ஆண்டுச் சட்டம் நீங்க, 1961-இல் பயிற்சியாளர்க்கு உதவித்தொகை விதிக்கும் புதுச் சட்டம் வந்தது. இவை யாவும் நன்றே. எனினும் முதற்பள்ளி வடக்கே நம் வாயிலில் நின்றதும், பின் வந்தவை நகரின் தென்கோடிக்குச் சென்றதும் என் மனத்தில் உறுத்துகின்றன.

என்னிடம் தமிழ் பயின்ற மாணாக்கன் ஒருவன், தந்தை நடைபாதையிற் செருப்புத் தைப்பதை வகுப்பில் எவர்க்கும் சொல்லான். மெழுகு படிந்த விரல்களை மேசையின் கீழ் மறைத்துக்கொள்வான். முன்சொன்ன புறப்பாட்டை நடத்திய நாளில் அவன் தலை நிமிரவேயில்லை. உவமையின் அழகை மட்டும் விரித்துரைத்து, அவ்விழிசொல்லை விரைந்து கடந்தேன். அது என் பிழை. பள்ளி முடித்த பின் அவன் ஒரு காலணித் தொழிற்சாலையிற் பயிற்சிக்குச் சேர்ந்தான். நாள்தோறும் திருவொற்றியூரினின்று இரண்டு வண்டி மாறிச் செல்வான். முதல் வாரத்தில் ஒரு முழுத்தோலைக் கொடுத்து முன்துண்டு வெட்டச் சொன்னார்களாம். இவன் தோலைக் கையாற் றடவி, முதுகை ஒட்டி நெடுக்கே அச்சை வைத்து வெட்டினான். மேற்பார்வையாளர் வியந்து, முன்னர் எங்கே பயின்றாய் எனக் கேட்டார்.

சற்றே தயங்கிப் பின் தந்தையின் பெயரைச் சொன்னதாக, சென்ற தை மாதம் என்னைக் காண வந்தபொழுது அவனே கூறினான்.