உரிமம் பெற்ற கட்டடமும் பதிவில்லாக் கைகளும்: தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் பதிவு

சென்னை வடபழனி என்றதும் முருகன் கோயிலுக்கும் படப்பிடிப்புத் தளங்களுக்கும் அடுத்து நினைவுக்கு வருபவை மருத்துவமனைகள். விஜயா-வாகினி ஸ்டுடியோவின் பி. நாகிரெட்டி 1972இல் விஜயா மருத்துவமனையைத் தொடங்கினார். இன்று ஆற்காடு சாலையையும் நூறடிச் சாலையையும் ஒட்டிப் பெரிய மருத்துவமனைகளும், அவற்றை அண்டி ஸ்கேன் மையங்களும் ரத்தப் பரிசோதனைக் கூடங்களும் பிசியோதெரபி நிலையங்களும் நெருக்கமாக நிற்கின்றன. இங்கே படுக்கையில் கிடக்கும் நோயாளியை ஒரு நாளில் மிகக் குறைந்த நேரம் தொடுபவர் மருத்துவர்தான். அரசின் பதிவேடோ அவரிடம் தொடங்கி, மெல்லக் கீழிறங்கி, ஆயாவை எட்டுமுன் நின்றுவிடுகிறது. நோயாளிக்குக் காப்பாக இருக்க வேண்டிய பதிவைத் தொழிலுக்குரிய கௌரவமாக நடத்தியதன் விளைவு இது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இறங்கிய வேகத்தைப் பார்க்கலாம். பிரிட்டனின் 1858 மருத்துவச் சட்டத்தை அடியொற்றி பம்பாய் 1912இலும் சென்னை மாகாணம் 1914இலும் மருத்துவர் பதிவுச் சட்டம் இயற்றின. சென்னையில் செவிலியருக்கு 1926இல் சட்டம் வந்தது. மருந்தாளுநருக்கு 1948இல் நாடு முழுமைக்கும் வந்தது. லேப் டெக்னீஷியன், டயாலிசிஸ் டெக்னீஷியன், அறுவை அரங்க நுட்பநர் போன்றோருக்கான தேசியச் சட்டம் 2021இல்தான் நிறைவேறியது. மருத்துவருக்கும், அறுவை மேசையருகே அவருக்குப் பக்கத்தில் நிற்பவருக்கும் இடையில் 107 ஆண்டுகள்!

இவற்றுள் 1926ஆம் ஆண்டுச் சட்டத்தை ஆய்வாளர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் எண்ணம். இன்று நடப்பிலுள்ள வடிவில் அதன் நோக்கவுரை செவிலியர், மகப்பேற்றுச் செவிலியர், சுகாதாரப் பார்வையாளர், துணைச் செவிலியர் ஆகியோரோடு மருத்துவச்சியரையும் பதிவுக்கும் பயிற்சிக்கும் உரியவராகப் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. பட்டயப் படிப்பை எட்டிப்பார்க்காத கிராமத்துப் பெண்ணும் பதிவேட்டில் இடம்பெறலாம் என்று ஏற்ற சட்டம் அது. எழுத்தில் இருந்தது நடப்பில் எவ்வளவு நிறைவேறியது என்பது வேறு கேள்வி. அடிமட்டப் பணியாளரைப் பதிவு செய்வது நடக்காத காரியம் என்போருக்கு, அந்தக் கொள்கை நம் சட்டநூலிலேயே இருக்கிறது என்று காட்ட இது போதும்.

2021 சட்டம் எதிர்த்திசையில் போகிறது. பத்து வகைகளில் 56 தொழில்களை அது பட்டியலிட்டாலும், குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பை நுழைவாயிலாக வைக்கிறது. வார்டில் மலம் மூத்திரம் எடுக்கும் ஆயா, வீட்டில் முதியவருக்கு மூக்குக் குழாய் வழியே உணவு செலுத்தும் ‘ஹோம் நர்ஸ்’ ஆகியோர் அதற்கு வெளியே நிற்கிறார்கள். உள்ளே இருப்பவர்களுக்கும் பெரிய பயன் கிட்டிவிடவில்லை. சட்டம் கோரும் மாநிலக் கவுன்சிலை 14 மாநிலங்களே அமைத்திருந்தன, அவையும் இயங்கவில்லை என்ற நிலையைக் கண்டு, சட்டத்தை நடைமுறைப்படுத்த உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் இரண்டு மாதக் கெடு விதிக்க வேண்டியதாயிற்று. தமிழ்நாட்டுக்கு இந்தத் தாமதம் புதிதன்று. தனியார் மருத்துவ நிலையங்களை ஒழுங்குபடுத்தும் 1997ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு விதிகள் வந்தது 2018இல்.

நிலையத்தைப் பதிவு செய்தாயிற்று, அங்கே வேலை செய்பவர்களுக்கு நிர்வாகம் பொறுப்பு, அப்புறம் தனித்தனிப் பதிவு எதற்கு என்று கேட்கலாம். வி.பி. சாந்தா வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம், கட்டணம் பெறும் மருத்துவச் சேவையை நுகர்வோர் சட்டத்தின்கீழ்க் கொண்டுவந்த பிறகு இந்தக் கேள்விக்கு வலுக் கூடியிருக்கிறது. ஆனால் நுகர்வோர் மன்றம் இழப்பீடுதான் தரும். தவறிழைத்தவர் மறுநாளே நான்கு தெரு தள்ளி வேறொரு நிலையத்தில் சேர்வதை அது தடுக்காது. பதிவேட்டின் உயிர் பெயரைச் சேர்ப்பதில் இல்லை, நீக்க முடிவதில் இருக்கிறது. எக்ஸ்ரே கருவிக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் கேட்கும் நாட்டில், படுக்கைப் புண்ணைத் துடைக்கும் கைக்கு ஒரு பதிவெண்கூட இல்லை.

மற்றொரு மறுப்பு பொருளியலாளர்களுடையது. தொழில் உரிமம் போட்டியைக் குறைத்து விலையை ஏற்றும் என்று மில்டன் ஃப்ரீட்மன் 1962இலேயே மருத்துவர் உரிமத்தைக்கூட எதிர்த்து எழுதினார். அதில் உண்மை உண்டு. ஆயாவுக்குப் பட்டயம் கட்டாயம் என்றால், இருபது ஆண்டு அனுபவமுள்ள பெண் முதலில் வேலை இழப்பார். சான்றிதழ் விற்கும் கடைகள் மறுநாளே முளைக்கும். ஆனால் ஃப்ரீட்மனே பதிவு, சான்றளிப்பு, உரிமம் மூன்றையும் வேறுபடுத்தினார். அடிமட்டப் பணியாளருக்கு முதலாவது போதும்: பெயர், அடையாளம், பெற்ற பயிற்சி, முன்பு வேலை செய்த இடம், நிரூபணமான புகார். நுழைவுத் தேர்வும் வேண்டாம், மணிக்கணக்கும் வேண்டாம்.

அத்தகைய பதிவு பணியாளருக்கும் காப்பு. இன்று வீட்டுப் பராமரிப்புக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி கைவிட்டால், தன் அனுபவத்தை நிரூபிக்க அவரிடம் ஒரு துண்டுக் காகிதமும் இராது. கேரளத்திலிருந்தோ மணிப்பூரிலிருந்தோ சென்னைக்கு வரும் செவிலியர் தம் மாநிலக் கவுன்சிலின் பதிவைக் காட்டி இங்கே பதிவு பெறலாம். அவரோடு அதே ரயிலில் வரும் உதவியாளருக்கு அந்த வழி இல்லை.

இதற்கு நாடாளுமன்றத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கத் தேவையில்லை. 1926 சட்டம் மாநிலச் சட்டம். அதைத் திருத்தும் அதிகாரம் சட்டமன்றத்துக்கு உண்டு. மருத்துவச்சியருக்கு இடம் தந்த அதே சட்டத்தில் உதவியாளர்களுக்கும் ஒரு பிரிவைச் சேர்த்து, அதன் பதிவேட்டைப் பொதுமக்கள் பார்வைக்கு அரசு திறந்துவைக்க வேண்டும்.