சம்பல்

பழுத்த தக்காளியைச் சிறிதாக அரிந்து, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்த்து, உப்பும் தேசிக்காய்ப் புளியும் விட்டு, அடுப்பில் ஏற்றாமலே கையாற் பிசைந்தெடுக்கும் உறைப்பான தொடுகறியை மானிப்பாய் உள்ளிட்ட யாழ்ப்பாணத்து ஊர்களில் தக்காளிச் சம்பல் என்பர். உப்பிட்டால் தக்காளி நீர்விடுமாதலின், அதனை உண்ணும் வேளைக்குச் சற்று முன்னரே பிசைதல் நன்று. தேசிக்காய் என்பது எலுமிச்சங்காய்க்கு ஈழத்தில் வழங்கும் பெயர்; உறைப்பு என்பது காரம்.

‘சம்பல்’ மலாய் மொழிச் சொல். மிளகாயை இடித்துச் செய்யும் கூட்டை அம்மொழி அவ்வாறே அழைக்கிறது. 1658 முதல் யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தர் காலத்தில் சாவகத் தீவுகளிலிருந்து இலங்கைக்கு வந்தோர் வழியாக அது இங்கு வேரூன்றியது எனக் கொள்வது பொருந்தும். சிங்களத்திலும் அது ‘சம்போல’ என வழங்குகிறது. மெக்சிக்கோவின் ‘சல்சா’ ஏறத்தாழ இதே பண்டமாயினும், அப்பெயர் உப்பிட்டது என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லின் வழிவந்தது. இரண்டுக்கும் ஓசை ஒற்றுமையன்றி உறவில்லை.

உறவு பொருள்களில் உண்டு. தக்காளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை; தமிழோ மிளகோடு காயைச் சேர்த்து மிளகாய் என்றும், மணத்தக்காளி முதலிய நாட்டுச் செடிகளுக்குரிய பழம்பெயரால் தக்காளி என்றும் அவற்றைத் தனதாக்கிக்கொண்டது.

1842இல் வெளிவந்த மானிப்பாய் அகராதியால் அறியப்பட்ட இவ்வூரின் அடுக்களைச் சொற்களையும், அவற்றை வழங்குவோர் இருக்கும்போதே, பொருளும் செய்முறையுமாகத் தொகுத்து வைத்தல் வேண்டும்.