அடைக்கத் தெரிந்த சட்டம்

கல்முனை நகரில் செயிலான் வீதி தொடக்கம் வாடிவீட்டு வீதி வரையுள்ள பகுதி 2020 டிசம்பர் இறுதியில் தனிமைப்படுத்தப்பட்டது. அதற்கு ஒரு மாதம் முன்னர், தெற்கே அக்கரைப்பற்று அடைபட்டிருந்தது. இவ்விரு ஊர்களையும் அடைத்த சட்டத்தின் வயது அப்பொழுது 123.

பம்பாயில் பிளேக் நோய் மனிதரை வாரிக்கொண்டு போன காலத்தில், 1897இல், பிரித்தானிய ஆட்சி இலங்கையில் இயற்றிய தனிமைப்படுத்தல், நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டமே அது. அன்றைய அரசின் கவலையெல்லாம் துறைமுகமும் தோட்டமும். தென்னிந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர் பின்னாளில் மண்டபம் முகாமில் தடுத்து வைக்கப்பட்டு, சோதிக்கப்பட்டு, அம்மை குத்தப்பட்ட பின்னரே கப்பலேற்றப்பட்டனர். நோய் தீவுக்குள் புகாமற் காப்பது நல்ல காரியந்தான், நாம் மறுக்கவில்லை. ஆனால் மனிதனை எங்கே நிறுத்தி வைக்கலாம் என்று விரிவாகப் பேசும் அச்சட்டம், வேலைத்தலத்தில் அவனைக் காப்பது யார் பொறுப்பு என்று பேசுவதற்காக எழுந்ததன்று.

2020 மார்ச் 13ஆந் திகதி நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டன. ஒரு வாரத்தில் ஊரடங்கு வந்தது. யூலையில் கட்டங் கட்டமாகத் திறந்து, ஒக்டோபரில் மீண்டும் மூடினார்கள். கைகழுவுங் குழாய், முகக்கவசம், ஒரு மீற்றர் இடைவெளி என்று விதிகள் வந்தன. விதி கொழும்பில் எழுதப்படும். குழாயோ ஊரில் பொருத்தப்பட வேண்டும்! வீட்டுச் சுவரோடு வீட்டுச் சுவர் ஒட்டி நிற்கும் சாய்ந்தமருதிலும் கல்முனைக்குடியிலும் அந்த ஒரு மீற்றரை எங்கே போய்த் தேடுவது? 2004இல் கடல்கோள் கண்ட கரை இது. இடநெருக்கடி இங்கு புதிதன்று.

அடைபட்ட வீதியில் குடியிருக்கும் ஆசிரியர் பாடசாலைக்கு வர இயலாத நாள் லீவா, கடமையா? வீட்டில் நீரிழிவும் முதுமையுமாகத் தாய் படுத்திருக்க, மகள் பேருந்தேறி வகுப்புக்குப் போய்த் திரும்பலாமா? அரச ஊழியரின் லீவைத் தாபன விதிக்கோவை அளக்கிறது. தொற்றுக் காலத்தில் அவ்வப்போது வந்த சுற்றுநிருபங்கள் அதனை ஒட்டுப்போட்டன. கர்ப்பிணி ஊழியரைக் கடமைக்கு அழைக்க வேண்டாம் என்ற அறிவுறுத்தலே 2021 மே மாதத்தில், மூன்றாவது அலையின் நடுவில்தான் வந்தது.

இக்கரையோரத்து முஸ்லிம் ஆசிரியருக்கு இன்னொரு பயமும் இருந்தது. தொற்றினால் இறந்தோர் எம்மதத்தவராயினும் எரிக்கப்பட வேண்டுமென 2020 ஏப்ரல் 11ஆந் திகதி வர்த்தமானி கூறியது. அடக்கஞ் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும் அரசு செவிசாய்க்கவில்லை. பிறந்து இருபது நாளேயான சிசுவும் அவ்வாண்டு டிசம்பரில் கொழும்பில் எரிக்கப்பட்டது. வேலியிலே வெள்ளைத்துணி கட்டி மக்கள் அழுதனர். நோயைவிட, நோயுற்றால் ஜனாஸாவுக்கு நேரக்கூடியதே பெரிதாகத் தோன்றிய மாதங்கள் அவை. பரிசோதனைக்குப் போக மனிதர் அஞ்சினர். தொழுகையும் கபனும் இன்றி எரியூட்டப்படலாம் என்றஞ்சும் ஒருவரிடம் காய்ச்சலை மறைக்காதே என்று எந்தச் சுற்றுநிருபம் சொன்னால் எடுபடும்? வகுப்பறையின் பாதுகாப்பை அந்த வர்த்தமானியே கெடுத்தது என்பது நமது கருத்து. 2021 பெப்ரவரி இறுதியில் அது திருத்தப்பட்டது. மார்ச் 5ஆந் திகதி ஓட்டமாவடியில் முதல் அடக்கம் நடந்தது.

அதே ஆண்டு யூலை 8ஆந் திகதி, கொத்தலாவலை பாதுகாப்புப் பல்கலைக்கழகச் சட்டமூலத்தை எதிர்த்த போராட்டத்தில் இலங்கை ஆசிரியர் சங்கச் செயலாளர் ஜோசப் ஸ்ராலின் கைதானார். நீதிமன்றம் பிணை வழங்கியது. ஆனால் அவரும் தோழரும் வீடு செல்லவில்லை. தனிமைப்படுத்தல் என்ற பெயரில் முல்லைத்தீவு விமானப்படை முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். மண்டபத்துத் தொழிலாளியை நிறுத்தி வைத்த காலத்துச் சட்டம் இப்போது ஆசிரியரை நிறுத்தி வைத்தது.

யூலை 12ஆந் திகதி ஆசிரியரும் அதிபரும் இணையவழிக் கற்பித்தலைக் கைவிட்டனர். சொந்தப் பணத்தில் டேட்டா வாங்கி அதுவரை கற்பித்தவர்கள் அவர்கள். இருபத்துநான்காண்டு கால வேதன முரண்பாடே முன்னின்ற கோரிக்கை; எல்லோருக்கும் தடுப்பூசி ஏற்றியபின் பாடசாலையைத் திற என்பதும் கூடவே ஒலித்தது. பாதுகாப்பும் விடுமுறையும் இரண்டாம் வரிசைக்குப் போனதை நாம் குறையாகவே காண்கிறோம். எனினும் சம்பளம் போதாத வீட்டில் எது முதல் வரிசை என்பதை வெளியிலிருந்து சொல்வது எளிது.

இருநூறு மாணவருக்குக் குறைந்த பாடசாலைகளின் ஆரம்ப வகுப்புகள் ஒக்டோபர் 21ஆந் திகதி திறந்தன. நூறு நாட்களைத் தாண்டிய பணிப்பகிஷ்கரிப்பின் பின், 25ஆந் திகதி ஆசிரியர்கள் திரும்பினர். அடுத்த ஆண்டு முரண்பாட்டின் மூன்றிலொரு பங்கு தீர்ந்தது.